ரோஸ் கலர் ரோலர்

ரொட்டிக்கு மாவு பிசைந்த கையோடு திரும்பியபோதுதான் மேஜைமேல் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பை. உள்ளே ரோஸ் கலரில், பெண்கள் தலைமுடியைச் சுருட்டிக்கொள்ளும் ரோலர்கள். விரல் நீளம், உடம்பெல்லாம் பொடிப்பொடி ஓட்டை. வீட்டில் இருப்பது நானும் என் வீட்டுக்காரர் ராம்கரனும் மட்டும். அவர் தலையில் சுருட்டுவதற்கு முடியே கிடையாது. அப்படியானால் இது எனக்குத்தான் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது?

கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று ஓர் ஊக்குகூட வாங்கி வராத மனுஷன் அவர். எங்கள் டவுன் நியூ ஆம்ஸ்டர்டாம் சந்தைக்குப் போனால் குருவிக்குத் தீனி, குருவிக்கு மருந்து, குருவிக் கூண்டுக்கு வார்னிஷ். அப்படிப்பட்டவர் ரோலர் வாங்கி வைத்திருக்கிறார். ஏன்? நான் அமெரிக்கா போகிறேன், அதனால்தான். எங்கள் ஒரே மகள் இந்திராணிக்கு நியூயார்க்கில் தலைப்பிரசவம். எத்தனையோ தடவை இல்லை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டு, இந்தத் தடவைதான் எனக்கு விசா கொடுத்தார்கள். பெண்டாட்டி பிளேன் ஏறும்போது நாலு பேரைப் போல இருக்கட்டும் என்று அந்த மனுஷனுக்கும் ஒரு ஆசை வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, மாவுக் கையோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் கொரன்டைன் கடற்கரைப் பக்கத்தில் டோவா-டோவா வளர்க்காத ஆம்பிளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்குகிற குருவி. ஆண் கரிக்கட்டைக் கறுப்பு. நெஞ்சுக்குக் கீழே வயிறு மட்டும் புளியம்பழ நிறம். இறக்கையில் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளை. அலகு மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாத பருமன், நெல்லைக் கொடுத்தால் உமி தனியாக அரிசி தனியாக உரித்துப் போட்டுவிடும். பெட்டை அப்படி இல்லை. தலையிலிருந்து வால்வரை நனைந்த சாக்கின் பழுப்பு. ஆண் பாடும், பெட்டை பாடாது. அதனால் பெட்டைக்குக் கூண்டு கிடையாது, பெயர் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் இன்னொன்றின் பக்கத்தில் மாட்டிப் பாட்டுப் போட்டிக்கு விடுகிற மரியாதையும் கிடையாது.

எங்கள் வீட்டு ஆணுக்குக் கேப்டன் என்று பெயர். கேப்டன் இல்லாமல் கரன் கடைக்குப் போகமாட்டார், முடிவெட்டப் போகமாட்டார், இழவு வீட்டுக்குக்கூடப் போகமாட்டார். கூண்டின் வளையத்தை ஒற்றை விரலில் மாட்டிக்கொண்டு, அது ஆடாமல் அசையாமல் நடக்கிற நடை இருக்கிறதே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இந்திராணியைக் கைக்குழந்தையாக நீட்டியபோது, "கை நடுங்குது, நீயே வச்சுக்க" என்ற ஆள். அவள் பிறந்த அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில் தனியாகக் கத்திக்கொண்டு கிடந்தேன். இவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு போட்டியில் ஏதோ ஒரு குருவி கூவுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் சாயங்காலம் வந்தார், கூண்டோடு. அன்றைக்கே முடிவு செய்தேன், என் மகள் வலியெடுத்துக் கிடக்கும்போது பக்கத்தில் நான் இருப்பேன், என்ன ஆனாலும் இருப்பேன் என்று. அந்த விசா எனக்கு வெறும் காகிதம் இல்லை.

இந்த மழைக்காலத்தில் எங்கள் வயலின் பின்வரப்பில் ஒரு பெட்டை கூடு கட்டியது. பசுவைக் கட்டப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். இடுப்பு உயரத்துக்கு வளர்ந்த, தொட்டால் கையை அறுக்கிற புல்லுக்கு நடுவில் இடம் பிடித்திருந்தாள். காய்ந்த புல்லை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வளைத்து, உள்ளே மெல்லிசு வேர்நாரை வைத்து, நெஞ்சால் அழுத்தி அழுத்தி, சுற்றிச் சுற்றித் திரும்பி அதைக் கிண்ணமாக்கினாள். அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிய கூடு, ஆனால் கடல் காற்று அடிக்கிற அடிக்கு ஆடியதே தவிர அவிழவில்லை. வெள்ளையில் காப்பி தெளித்தது போல முட்டைகள். அடைகாத்ததும் அவளேதான். அப்பன்காரன் மின்கம்பியில் உட்கார்ந்து கச்சேரி செய்துகொண்டிருந்தான், அந்தக் குரலைக் கேட்க ரோட்டில் போகிற ஆம்பிளைகள் சைக்கிளை நிறுத்திக்கொண்டு தலையை ஆட்டினார்கள். "என்ன தொண்டை! என்ன தொண்டை!" அடப்பாவிகளா, காலுக்குக் கீழே ஒருத்தி மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவளைப் பார்த்தீர்களா? குஞ்சுகளுக்கு இறகு முளைத்து, கூட்டின் விளிம்பில் ஏறி எட்டிப் பார்க்கத் தொடங்கிய சமயத்தில் ஒருநாள் போய்ப் பார்த்தால் கூடு காலி. கரனிடம் சொன்னேன். "பாம்பு தின்னிருக்கும்" என்றார், கேப்டனின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே.

ரோலருக்கு வருகிறேன். அன்று மத்தியானமே தலைக்குக் குளித்து, தேங்காய் எண்ணெய் தடவி, கண்ணாடி முன் உட்கார்ந்து சுற்றிக்கொண்டேன். முன்நெற்றிக்கு வேண்டாம், இந்த வயசில் அது ரொம்ப ஜாஸ்தி என்று ஒன்றை மட்டும் பையிலேயே விட்டேன். சுற்றி முடித்ததும் யாரிடமாவது காட்டாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது. பக்கத்து வீட்டு டோரினிடம் போனேன். டோரினும் நானும் ஒரே வருஷத்தில் இந்தத் தெருவுக்கு வாழ வந்தவர்கள், என் மகளும் அவள் மகனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவள் வீட்டுக்கு அடியில், வீட்டை உயரத் தூக்கி நிறுத்துகிற தூண்களுக்கு நடுவில் நிழலில் உட்கார்ந்து துவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாய் முழுக்கச் சிரித்தாள்.

"அடியே! யாரு இந்த ராணி? பிளேன் உன்னைய ஏத்திக்கிட்டுப் போகுமா, இல்ல நீ பிளேனை ஏத்திக்கிட்டுப் போவியா?"

"சும்மா இரு. கரன் வாங்கிக் குடுத்தாரு."

டோரினின் கை நின்றது. "எது? ரோலரா? கரனா?"

"ஏன், என் புருஷன் எனக்கு ஒண்ணு வாங்கித் தரக் கூடாதா?"

அவள் மடியிலிருந்த காயைத் தட்டில் கொட்டிவிட்டு எழுந்து வந்து, என் காதோரம் இருந்த ஒரு ரோலரை விரலால் தொட்டாள்.

"ஹேமா... பிள்ளே... இந்தக் கரையில பொறந்து வளந்தவதானே நீ? நியூயார்க் போறவங்க வீட்டுக்கு ஆம்பிள ரோலர் வாங்கிட்டு வந்தா எதுக்குன்னு உனக்கு நெசமாவே தெரியாதா? ஒரு டோவா இதுக்குள்ள கச்சிதமா நுழையும்டி. ரெக்கையை விரிக்க முடியாது. மேல ஒரு வலைத்துணி. ஓட்டை வழியா மூச்சு. சுக்டாய மறந்துட்டியா?"

மறக்கவில்லை. நெல் மில்காரர் பெண்டாட்டி சுக்டாய். பாவாடை உள்தையலில் ரோலர் ரோலராக வைத்துத் தைத்து அனுப்பினார்கள். நியூயார்க்கில் இறங்கியதும் பிடித்தார்கள். அடுத்த பிளேனில் திருப்பி ஏற்றி, விசாவை ரத்து செய்து, இனி இந்தப் பக்கம் வராதே என்று அனுப்பிவிட்டார்கள். அவள் பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவள் அவனைத் தூக்கியதில்லை. போனில் பார்த்து, போனுக்கு முத்தம் கொடுக்கிறாள். மில்காரர் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மைதானத்துக்குப் போகிறார்.

எனக்குத் தெரியாமல் இல்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன். இந்த ஊரில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆனால் மேஜைமேல் அதைப் பார்த்த நிமிஷத்தில் எனக்கு ஞாபகம் வந்தது குருவி இல்லை, என் தலை. அவ்வளவு காய்ந்து கிடந்திருக்கிறேன் போலிருக்கிறது. டோரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையைத் தலையில் வைத்தபடி வீட்டுக்கு நடந்தேன். ஒவ்வொரு ரோலரும் ஒரு குருவி அளவு கனத்தது.

கரன் எங்கள் வீட்டுக்கு அடியில் கட்டித் தொங்கவிட்ட தூளியில் படுத்து ஆடிக்கொண்டு கேப்டனுக்குச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். என் தலையைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

"அடிப்பாவி! அதை எதுக்குத் தலையில சுத்தின?"

"ரோலரை வேற எங்கய்யா சுத்துவாங்க?"

"எண்ணெ தேச்சியா? எண்ணெத் தலையிலயா சுத்தின? எல்லாம் போச்சு! எண்ணெ பட்டா இறகு ஒட்டிக்கும், குருவி செத்துப்போகும்!"

கேளுங்கள். மறைக்கக்கூட இல்லை. பொய் சொல்லவாவது கொஞ்சம் மெனக்கெட வேண்டாமா ஒரு மனுஷன்?

"குருவி செத்துப்போகுமா? நான் பிடிபட்டா என்ன ஆகும்னு யோசிச்சியா? விசாவைப் பிடுங்கிட்டுத் திருப்பி அனுப்புவாங்க. என் மக அங்க ஒத்தையில கெடப்பா."

"ஒரு கெழவிய யாரு தடவிப் பாக்கப் போறா? என் தம்பி நியூயார்க்குல, ரிச்மண்ட் ஹில்ல எல்லாருக்கும் வாக்கு குடுத்துட்டான். அங்க கூண்டுல பொறந்ததுக்கெல்லாம் தொண்டையே இல்ல ஹேமா. நம்ம வயக்காட்டுக் குருவி வேணும்னு தவம் கெடக்கிறாங்க. சின்னக் குஞ்சுங்கதான், கனமே இருக்காது."

"எந்தக் குஞ்சு?"

அவர் கண் கொட்டகைப் பக்கம் போயிற்று. நான் நேராகக் கொட்டகைக்குப் போனேன். மூலையில் உரச் சாக்கு போர்த்திய கூண்டு. சாக்கை இழுத்தேன். என் பின்வரப்புக் குஞ்சுகள், எல்லாம் பழுப்பு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. சின்ன வயசில் ஆணும் பழுப்புதான், பெண்ணும் பழுப்புதான். ஆணாக இருந்தால் பிறகு கறுப்பு இறகு திட்டுத்திட்டாக எட்டிப் பார்க்கும், தொண்டை திறக்கும். பெட்டை என்று தெரிந்துவிட்டால் அங்கே அதற்குத் தீனி போட யாரும் இல்லை.

"இதுதான் உன் பாம்பா?" என்று கேட்டேன். "அந்தப் பாம்பு காலைல என் கையால ரொட்டி தின்னுச்சு, இல்ல?"

கூண்டை அங்கேயே திறந்துவிட்டேன். அவர் ஓடி வந்து கதவைச் சாத்துவதற்குள் குஞ்சுகள் சிதறிப் பறந்தன. எல்லாம் பறந்துவிட்டன என்றுதான் நினைத்தேன். பயணம் போகும் நாள்வரை அந்த ரோலர்களைத் தலையைவிட்டு எடுக்கவில்லை. படுக்கும்போதும் இல்லை, கோயிலுக்குப் போகும்போதும் இல்லை. "ஊரே சிரிக்குது" என்றார். "சிரிக்கட்டும், எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்" என்றேன். கிளம்பும் அன்று காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி, அவர் பார்க்கப் பார்க்க அடுப்பில் போட்டேன். ரோஸ் கலர் உருகிக் கறுத்து, வீடெல்லாம் நாறியது. என் தலை மட்டும் அலையலையாக நின்றது. எனக்கே என்னைப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு அந்த மனுஷன் பசு மாதிரி இருந்தார். பெட்டியைத் தானே தூக்கினார். ஊறுகாய் ஜாடி உடையாமல் இருக்க என் பழைய துணிகளைச் சுற்றி வைத்தார். டிமேரி விமான நிலையம்வரை காரில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். மடியில் கேப்டன், அது வேறு விஷயம். உள்ளே போகும் வாசலில், ஜனங்களுக்கு நடுவில், கூண்டை டிரைவரிடம் கொடுத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். எங்கள் ஊர் ஆம்பிளைகள் பெண்டாட்டியை வெளியில் கையால் தொடமாட்டார்கள். "போயிட்டு வா ஹேமா, புள்ளைய பாத்துக்க" என்றார். நான் அழுதுவிட்டேன். ரோலருக்கு அழுத புத்தி எங்கே போகும்? எல்லாம் மன்னித்தாயிற்று என்று அந்த வரிசையில் போய் நின்றேன்.

பாஸ்போர்ட்டை எடுக்கக் கைப்பைக்குள் கை விட்டேன். விரலில் ஒரு கைக்குட்டைச் சுருணை பட்டது. நான் வைத்தது இல்லை. சூடாக இருந்தது. அதற்குள் ஏதோ ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டது.

பிரித்துப் பார்க்கத் தேவையே இல்லை. அன்றைக்கு நான் பிளாஸ்டிக் பையில் விட்டுவைத்த அந்த ஒற்றை ரோலர், எண்ணெய் படாதது. கட்டிப்பிடித்தது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குப் பின்னால் நின்ற பெண், "அக்கா, வரிசையை விட்டா மறுபடி கடைசியில இருந்து வரணும்" என்றாள். "வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன்.

கரன் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கேப்டன் விரலில். பெட்டி தூக்குகிற ஆள் ஒருவனிடம் அதன் வீரப் பிரதாபங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று.

"ஹேமா... மெதுவா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்யா! எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்! என்னையக் கட்டிப்பிடிச்சதையும் பாத்தாங்கள்ல, இதையும் பாக்கட்டும்!"

வலைத்துணியைப் பல்லால் கிழித்தேன். ரோலருக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து மெல்லத் தள்ளினேன். முதலில் அலகு வந்தது, பிறகு ஒட்டிப்போன இறக்கைகள். பழுப்புக் குஞ்சு என் உள்ளங்கையில் சரிந்து கிடந்தது. செத்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது, இறகை உதறியது, தத்தித் தத்திப் பறந்து போய் வேலிக் கம்பியில் உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து கூண்டுக்குள் கேப்டன் நெஞ்சை நிமிர்த்திப் பாட ஆரம்பித்தது.

கரன் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மன்னிப்புக் கேட்பார் என்றுகூடக் கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? உதட்டில் விரலை வைத்தார்.

"ஷ்ஷ்... பதில் குடுக்குதா கேளு. குடுத்தா அது ஆணுடி."

என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. கழுத்தைச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, அந்தக் கம்பிப் பக்கமே காதை வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்திராணி பொறந்த அன்னிக்கும் நீ இதைத்தான்யா கேட்டுக்கிட்டு நின்ன" என்றேன். அதுவும் அவர் காதில் விழவில்லை. குருவி பதில் கொடுத்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் நின்று கேட்கவில்லை.

வரிசையின் கடைசியில் போய் நின்றேன். கையில் காலி ரோலர் இருந்தது. எறிந்துவிடத்தான் குப்பைத் தொட்டியைத் தேடினேன். பிறகு என்ன தோன்றியதோ, முன்நெற்றி முடியை இழுத்து அதில் சுற்றி, அழுத்திச் செருகிக்கொண்டேன். ஜாஸ்தியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

சோதனை இடத்தில் சீருடை போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். என் வயசுதான் இருக்கும். கைப்பையை இயந்திரத்துக்குள் போகிற பெல்ட்டில் வைக்கச் சொன்னாள். பிறகு என் நெற்றியைப் பார்த்தாள்.

"அது என்னக்கா?"

"ரோலர். என் புருஷன் வாங்கிக் குடுத்தது."

அவள் முகம் மாறியது. கை நீட்டி, முடியோடு சேர்த்து அதை உருட்டிக் கழற்றினாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தாள். சுண்டுவிரலை நுழைத்து எடுத்தாள். விரல் நுனியில் ஒரு சின்னப் பழுப்பு இறகு ஒட்டிக்கொண்டு வந்தது. இந்திராணி, அவள் வயிறு, நான் சபதம் செய்த அந்த ஆஸ்பத்திரிக் கட்டில், எல்லாம் அந்த விரல் நுனியில் இருந்தது. வீம்புக்காரி, வீம்புக்காரி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"வீட்டுல டோவா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"கூண்ட விரல்ல மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னாரே, அவரா?"

தலையாட்டினேன்.

"எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரு" என்றாள் அவள். ரோலரை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, விரலை உதட்டருகே கொண்டுபோய், ஃபூ என்று ஊதினாள்.

இறகு மேலே போயிற்று, விசிறிக் காற்றில் ஒரு சுற்று சுற்றியது, கீழே இறங்கி என் கைப்பை மேல் உட்கார்ந்தது. பெல்ட் நகர்ந்தது. ரப்பர்த் திரை விலகி, பையும் அதுவும் சேர்ந்து உள்ளே போயின.